பைபிள திருத்தலாமா கூடாதா? சண்டை போடுறதுக்கு முன்னாடி நீங்களே செக் பண்றது எப்படி

"புது பைபிள்ல 16 வசனத்த தூக்கிட்டாங்க, கடைசி காலம், எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க"ன்னு ஒரு மெசேஜ் அப்பப்ப கிளம்பும், பாத்திருப்பீங்க. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒருத்தர் உக்காந்துக்கிட்டு "உங்க வேதத்தையே எத்தனை தடவ திருத்திட்டாங்க, இதுல தேவவாக்குன்னு வேற சொல்றீங்க"ன்னு கேப்பார். ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே தப்பத்தான் பண்றாங்க, திருத்தம்னு ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டு அதுக்குள்ள சம்பந்தமே இல்லாத நாலு விஷயத்த போட்டு கலக்கிடறாங்க. அந்த நாலையும் எப்படி பிரிச்சு பாக்குறது, ஒரு வசனம் நெஜமாவே "எடுக்கப்பட்டுச்சா"ன்னு எப்படி கண்டுபிடிக்கிறது, புது மொழிபெயர்ப்பு ஒண்ணு கைக்கு வந்தா நம்பலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது, இதத்தான் எழுதப்போறேன். கிரேக்கம் எபிரெயம் தெரியணும்னு அவசியமில்ல, ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல்ல எந்த திருத்தம்னு கேளுங்க

யாராவது "பைபிள திருத்துறாங்க"ன்னு சொன்னா உடனே ஆமான்னோ இல்லன்னோ சொல்லாதீங்க, எத திருத்துறாங்கன்னு கேளுங்க. கையால பிரதி எடுத்தவங்க விட்ட தப்ப சரி பண்றது ஒண்ணு. மொழிபெயர்ப்ப சரி பண்றது ரெண்டாவது. எந்தெந்த புத்தகம் பைபிளுக்குள்ள இருக்கணும்ங்கிற லிஸ்ட்ட மாத்துறது மூணாவது. வேதம் என்ன சொல்லுதோ அந்த கருத்தையே நமக்கு ஏத்த மாதிரி மாத்துறது நாலாவது. இதுல முதல் ரெண்டும் நடந்தே ஆகணும்ங்கிறது என் கட்சி, மூணாவது பெரும்பாலும் பழைய கதை, நாலாவதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன், அந்த மாத்தம் எனக்குப் பிடிச்ச பக்கமா இருந்தாலும் சரி. ஏன்னு கீழ போகப்போக சொல்றேன்.

முதல் வகைதான் ரொம்ப பேருக்கு அதிர்ச்சியா இருக்கும், அதனால அங்கயே கொஞ்ச நேரம் நிப்போம். பவுல் தன் கையால கையெழுத்து போட்ட கடிதமோ லூக்கா எழுதின முதல் சுருளோ இன்னைக்கு யார்கிட்டயும் இல்ல. இருக்கிறதெல்லாம் பிரதியோட பிரதி. புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் கிரேக்கத்துல 5,000க்கு மேல கையெழுத்துப் பிரதிகள் இருக்கு, அதுல சிலது உள்ளங்கை அளவு துண்டு, மான்செஸ்டர்ல ரைலண்ட்ஸ் நூலகத்துல இருக்கிற யோவான் 18ம் அதிகாரத்துத் துண்டு அப்படித்தான், அத 2ம் நூற்றாண்டுன்னு பொதுவா சொல்றாங்க. முழு பைபிள் அளவுக்குப் பெரிய பழைய பிரதின்னா 4ம் நூற்றாண்டச் சேர்ந்த ரெண்டு, ஒண்ணு வத்திக்கான் நூலகத்துல இருக்கிற வத்திக்கானுஸ், இன்னொண்ணு சினாய் மலை அடிவாரத்துல புனித கேத்தரின் மடத்துல கிடைச்ச சினைட்டிகஸ், இதோட பெரும்பகுதி இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில.

இந்த பிரதிகள் ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா ஒத்துப்போகாது. பெரும்பாலான வித்தியாசம் ஸ்பெல்லிங், வார்த்தை முன்னப்பின்ன மாறினது, இந்த மாதிரி ஒண்ணுமில்லாத சமாச்சாரம்தான், ஆனா சிலது முழு வசனம். சினைட்டிகஸ்லயே ஆயிரக்கணக்கான இடத்துல பிற்பாடு வந்தவங்க அடிச்சு திருத்தியிருக்காங்க. வத்திக்கானுஸ்ல எபிரெயர் முதல் அதிகாரத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் ஓரத்துல எழுதி வச்சிருக்கிறத படிச்சா சிரிப்பு வரும், முட்டாளே, பழையத அப்படியே விடு, மாத்தாதேங்கிற அர்த்தத்துல முன்னாடி திருத்தினவர திட்டியிருக்கார். ஆக பைபிள திருத்தலாமாங்கிற சண்டை வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சதில்ல, தோல் ஏட்டு ஓரத்துலயே நடந்திருக்கு.

இதுல இருந்து ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், உங்க கையில அச்சடிச்ச பைபிள் எது இருந்தாலும் அது யாரோ பிரதிகள ஒப்பிட்டு, இது சரி அது தப்புன்னு முடிவெடுத்த பாடம்தான் (பாடம்னா இங்க மூல வாசகம்னு அர்த்தம்). திருத்தமே படாத பைபிள்னு ஒண்ண யாரும் படிக்கல. அதனால "திருத்தக்கூடாது"ன்னு சொல்றவர் உண்மையில சொல்றது, முன்னாடி ஒருத்தர் பண்ண திருத்தத்தோட நிறுத்திக்கோங்கன்னுதான். அந்த முன்னாடி ஆளு யாருன்னு பாத்தா பெரும்பாலும் எராஸ்மஸ்ங்கிற டச்சு அறிஞர்ல போய் முடியும். 1516ல அவர் அச்சடிச்ச கிரேக்க புதிய ஏற்பாடுதான் பின்னால பல திருத்தத்தோட "ஏற்கப்பட்ட பாடம்"னு பேர் வாங்கிச்சு, 1611 கிங் ஜேம்ஸ் அந்த வழியிலதான் வந்தது, நம்ம சபைகள்ல படிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அந்த குடும்பம்தான். அவர்கிட்ட பாசல் ஊர்ல இருந்தது விரல் விட்டு எண்ணுற அளவு பிரதிகள், எல்லாமே பிற்காலத்தது.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர்கிட்ட ஒரே ஒரு பிரதி, அதுலயும் கடைசி பக்கம் காணோம். என்ன பண்ணார் தெரியுமா, லத்தீன் பைபிள்ல இருந்து கடைசி வசனங்கள அவரே திரும்ப கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்துப் போட்டுட்டார். அதுல ஒண்ணு 22:19, "இந்த புஸ்தகத்திலிருந்து எதையாவது எடுத்துப்போட்டால்"னு எச்சரிக்கிற அதே வசனம். கிரேக்கப் பிரதிகள்ல அங்க "ஜீவ விருட்சம்"னு இருக்கு, லத்தீன் வழியா வந்ததுல "ஜீவ புஸ்தகம்"னு ஆயிடுச்சு, நம்ம பழைய தமிழ்லயும் ஜீவபுஸ்தகம்தான். மாத்தாதேன்னு சொல்ற வசனமே மாறிப்போய் கிடக்கு. இத சரி பண்ணா அது வேதத்த மாத்துறதா, இல்ல வேதத்துக்குக் கீழ்ப்படியறதா? யாராவது அந்த வசனத்த காட்டி எந்த மொழிபெயர்ப்பயும் தொடக்கூடாதுன்னு சொன்னா நான் இந்தக் கேள்வியத்தான் கேப்பேன்.

ஒரு வசனம் "காணோம்"னா எப்படி செக் பண்றது

வழக்கமா லிஸ்ட்ல வர்றது மத்தேயு 17:21, 18:11, 23:14, மாற்கு 9:44, 9:46, 11:26, 15:28, லூக்கா 17:36, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37, ரோமர் 16:24 இதெல்லாம். ஒண்ண எடுத்துக்கோங்க.

முதல்ல அந்த வசனத்த மூணு நாலு பைபிள்ல பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒரு பழைய மொழிபெயர்ப்பு, ஒரு புதுசு, ஒரு கத்தோலிக்க வெர்ஷன், முடிஞ்சா இங்கிலீஷ்ல நெட் பைபிள்ங்கிற (NET Bible) மொழிபெயர்ப்பு, அதுல அடிக்குறிப்பு வண்டி வண்டியா இருக்கும், காசு கொடுக்காம படிக்கலாம். 90 சதவீத வதந்தி இங்கயே செத்துடும், ஏன்னா "தூக்கிட்டாங்க"ன்னு சொன்ன வசனம் அதே பக்கத்துல கீழ ஃபுட்நோட்ல உக்காந்திருக்கும், "சில பிரதிகளில் இந்த வசனம் உண்டு"ன்னு. மறைக்கணும்னு நினைக்கிறவன் நம்பர விட்டுட்டு கீழ குறிப்பு போட்டு காட்டிக்கொடுப்பானா?

நம்பர் ஏன் இடையில தாவுதுன்னு ஒரு சந்தேகம் வரும். வசன எண்கள் அப்போஸ்தலர்கள் போட்டதில்ல, ராபர்ட் ஸ்தெபானுஸ்னு ஒரு அச்சுக்காரர் 1551ல வெளியிட்ட கிரேக்க புதிய ஏற்பாட்டுல போட்டது. அவர் கையில இருந்த பாடத்துல அந்த வசனங்கள் இருந்ததால அதுக்கும் நம்பர் விழுந்துச்சு. பிற்பாடு பழைய பிரதிகள பாத்து அந்த வசனம் அங்க இல்லன்னு தெரிஞ்சப்போ, மொத்த நம்பரையும் மாத்தினா உலகமே குழம்பிடும்னு ஓட்டைய அப்படியே விட்டுட்டாங்க. அவ்ளோதான் சமாச்சாரம்.

அடுத்து, அந்த வசனம் வேற எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. மத்தேயு 17:21ல ஜெபம் உபவாசம் பத்தி வர்றது மாற்கு 9:29ல அதே சம்பவத்துல வருது. (அங்கயும் "உபவாசம்" பழைய பிரதிகள் சிலதுல இல்ல, அது தனிக் கதை.) மத்தேயு 18:11 லூக்கா 19:10ல இருக்கு. மாற்கு 9:44ம் 46ம் 48ம் வசனத்தோட ரிப்பீட். பிரதி எடுக்கிறவர் மாற்கு எழுதினத மனப்பாடமா வச்சிருப்பார், மத்தேயுவ எழுதும்போது "அடடா இங்க விட்டுப்போச்சே"ன்னு சேர்த்துடுவார். கெட்ட எண்ணமே கிடையாது, பக்திதான் காரணம். அதனாலதான் இந்த துறையில இருக்கிறவங்க ஒரு கேள்விய திரும்பத் திரும்ப கேப்பாங்க, எந்த வாசகம் இருந்திருந்தா மத்த வாசகம் அதுல இருந்து பிறந்திருக்க முடியும்? மாற்கு 1:2ல பழைய பிரதிகள் "ஏசாயா தீர்க்கதரிசி"ன்னு சொல்லுது, பிற்காலத்தது "தீர்க்கதரிசிகள்"னு பொதுவா சொல்லுது. அங்க வர்ற மேற்கோள்ல பாதி மல்கியா. "ஏசாயா"ன்னு இருந்தத ஒருத்தர் சங்கடப்பட்டு "தீர்க்கதரிசிகள்"னு மாத்தியிருப்பார்ங்கிறது புரியுது, சரியா இருந்தத தப்பாத் தெரியுற மாதிரி யாராவது மாத்துவாங்களா? இந்த ஒரு கேள்விய கையில வச்சுக்கிட்டாலே பாதி கிணறு தாண்டிடலாம்.

மூணாவது, நேரா பிரதியவே பாருங்க. சினைட்டிகஸ் மொத்தமும் 2009ல இருந்து இன்டர்நெட்ல போட்டோவா இருக்கு, புத்தகம் அதிகாரம் வசனம் போட்டா பக்கம் வரும், வத்திக்கானுஸும் வத்திக்கான் நூலகத்தோட டிஜிட்டல் சைட்ல இருக்கு. கிரேக்கம் தெரியாட்டி என்ன, மாற்கு கடைசிப் பக்கத்த பாருங்க, 16:8ல எழுத்து முடிஞ்சு காலி இடம் கிடக்கும், அத புரிஞ்சுக்க மொழி வேணாம். யாரோ சொன்னாங்கன்னு நம்புறதுக்கும் நீங்களே கண்ணால பாக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

நாலாவது, கமிட்டி எவ்ளோ உறுதியா இருக்குன்னு பாருங்க. வேதாகம சங்கங்கள் வெளியிடுற கிரேக்க பாடத்துல ஒவ்வொரு சிக்கலான இடத்துக்கும் ஏ, பி, சி, டின்னு கிரேடு போட்டிருப்பாங்க. 'ஏ' கிரேடுன்னா கிட்டத்தட்ட நிச்சயம், 'டி' கிரேடுன்னா அவங்களுக்கே தலைவலி. அடிக்குறிப்புல இத மேற்கோள் காட்டுற புத்தகங்கள் நிறைய. "அறிஞர்கள் எல்லாம் சொல்லிட்டாங்க"ன்னு ஒருத்தர் மார்தட்டுற இடம் சி கிரேடா இருந்தா அடக்கி வாசிக்கச் சொல்லுங்க.

1 யோவான் 5:7, முழுசா ஒரு தடவ போட்டுப் பாப்போம்

பரலோகத்துல சாட்சி சொல்றவங்க மூணு பேர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இந்த மூணும் ஒண்ணுங்கிற வரி. திரித்துவத்துக்கு இத விட நேரடியான வசனம் பைபிள்லயே கிடையாது, அதனாலதான் இத எடுத்தா கத்துறாங்க. ஆனா 14ம் நூற்றாண்டுக்கு முன்னாடி எழுதப்பட்ட எந்த கிரேக்கப் பிரதியோட பாடத்துலயும் அந்த வரி இல்ல. லத்தீன் பக்கம் இருந்துதான் வருது. 4ம் நூற்றாண்டுல திரித்துவத்துக்காக கிரேக்க சபைப் பிதாக்கள் அத்தனை வருஷம் மல்லுக்கட்டினாங்க, அவங்க கையில இந்த வரி இருந்திருந்தா முதல் நாளே எடுத்து வீசியிருப்பாங்க, ஒருத்தரும் வீசல. எராஸ்மஸோட 1516, 1519 பதிப்புலயும் இல்ல, எதிர்ப்பு கிளம்பிச்சு, அப்புறம் இந்த வரி இருக்கிற ஒரு கிரேக்கப் பிரதி, அந்த காலத்துலயே எழுதினது, அது இப்ப டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு, அத காட்டினதும் 1522 பதிப்புல சேர்த்துட்டார். (ஒரு பிரதி காட்டுங்க சேர்த்துடறேன்னு அவர் சபதம் போட்டதா ஒரு கதை சுத்துது, அதுக்கு உருப்படியான ஆதாரம் இல்ல, சொல்லாம விட்டுடுங்க.) கத்தோலிக்க திருச்சபை 1897ல இந்த வரிய சந்தேகப்படக்கூடாதுன்னு ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, 1927ல அத தளர்த்திடுச்சு. இன்னைக்கு கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் ரெண்டு பக்கமும் பெரும்பாலான புது மொழிபெயர்ப்புல இந்த வரி மேல கிடையாது, கீழ குறிப்புலதான்.

நான் திரித்துவத்த நம்புறவன். அதுக்காக பொய் சாட்சிய கூண்டுல ஏத்தணும்னு எனக்குத் தோணல. கொள்கை நிக்கிறதுக்கு வேற வசனங்கள் இருக்கு, அதுல நிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், இந்த வித்தியாசமெல்லாம் எந்த உபதேசத்தையும் தொடாதுன்னு நம்ம ஆளுங்க ரொம்ப ஈசியா சொல்லிடறாங்க. பெரிய உபதேசங்கள் விஷயத்துல சரிதான், ஆனா நடைமுறையில தொடும். மாற்கு 16:9-20 சினைட்டிகஸ்லயும் வத்திக்கானுஸ்லயும் இல்ல. அதுல சர்ப்பங்கள எடுப்பாங்க, சாவுக்கேதுவான எத குடிச்சாலும் சேதப்படுத்தாதுன்னு வருது. அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைப்பகுதியில சில சபைகள் 20ம் நூற்றாண்டு தொடக்கத்துல இருந்து இத அப்படியே எடுத்துக்கிட்டு ஆராதனையில விஷப்பாம்ப கையில புடிச்சாங்க, கடிபட்டு செத்தவங்க உண்டு. அதனால அடிக்குறிப்புங்கிறது பண்டிதர்களோட பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க.

யோவான் 7:53-8:11, விபச்சாரத்துல பிடிபட்ட பெண்ணோட கதை, இதுதான் எல்லாருக்கும் கஷ்டம். பழைய கிரேக்கப் பிரதிகள் பலதுல இல்ல, சில பிரதிகள்ல இது லூக்கா 21ம் அதிகாரத்துக்குப் பின்னாடி கிடக்கு, இடம் தேடி அலைஞ்ச மாதிரி. ஆனா பழைய காலத்து பிஷப் அகஸ்டின் என்ன சொல்றார்னா, தங்களோட மனைவிமார் இத படிச்சுட்டு துணிஞ்சிடுவாங்கன்னு பயந்து சில பேர் பிரதியில இருந்து எடுத்துட்டாங்களாம். அவர் ஊகம் சரியோ தப்போ, கதை பழசுங்கிறதுல சந்தேகமில்ல, யோவான் எழுதினதாங்கிறதுதான் சந்தேகம். இங்க என்ன பண்ணலாம்? அடைப்புக்குறி போட்டு உள்ளயே வச்சு, குறிப்புல உண்மைய சொல்லிடறதுதான் நேர்மைன்னு நான் நினைக்கிறேன், பெரும்பாலான மொழிபெயர்ப்பும் அதத்தான் பண்ணுது. இத வச்சு பிரசங்கம் பண்ணலாம், இத மட்டும் வச்சு ஒரு சட்டம் கட்டக்கூடாது.

எடுக்கிறது மட்டும் இல்ல, சேர்க்கிறதும் நடக்கும்

வதந்தி மெசேஜ்ல இது வராது. 145ம் சங்கீதம் எபிரெய அகர வரிசையில எழுதினது, 22 எழுத்து, ஆனா மரபு எபிரெய பாடத்துல 21 வசனம்தான், நூன்ங்கிற எழுத்துக்கு வசனமே இல்ல. கிரேக்க மொழிபெயர்ப்புல மட்டும் இருந்துச்சு, யாரோ ஓட்டைய அடைக்க எழுதிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1956ல சாக்கடல் பக்கத்துல இருக்கிற கும்ரான் 11ம் குகையில கிடைச்ச சங்கீதச் சுருள்ல அந்த நூன் வசனம் எபிரெயத்துலயே இருந்துச்சு. இப்ப பல இங்கிலீஷ் பைபிள்ல 13ம் வசனத்தோட பின்பாதியா சேர்த்திருக்காங்க. ஏசாயா 53:11ல "ஒளி"ங்கிற வார்த்தையும் அப்படித்தான் சில மொழிபெயர்ப்புக்குள்ள வந்துச்சு, சாக்கடல் சுருள்கள் தயவால.

கோலியாத் உயரம் தெரியுமா? நமக்கு பழக்கமானது ஆறு முழமும் ஒரு சாணும், கிட்டத்தட்ட 3 மீட்டர். கும்ரான்ல கிடைச்ச சாமுவேல் சுருளும் பழைய கிரேக்கமும் நாலு முழமும் ஒரு சாணும்னு சொல்லுது, அது 2 மீட்டர் பக்கம். எது மூலம்னு இன்னும் விவாதம்தான். சின்னப் பசங்க வகுப்புல இத சொல்லிப் பாருங்க, அடுத்த வாரம் எல்லாரும் சுவத்துல அளந்து பாத்துட்டு வருவாங்க.

1 சாமுவேல் 13:1 வேற ரகம். எபிரெயத்துல அப்படியே படிச்சா சவுல் ராஜாவானப்போ அவருக்கு வயசு ஒண்ணுன்னு வரும். எண் எங்கயோ விழுந்துடுச்சு, எல்லா மொழிபெயர்ப்பாளரும் ஏதோ ஒரு விதத்துல சமாளிச்சுத்தான் இருக்காங்க. தொடவே கூடாதுங்கிறவர் பைபிள்லயும் அந்த இடத்துல ஒருத்தர் தொட்டுத்தான் இருக்கார்.

மொழிபெயர்ப்பு, புத்தக லிஸ்ட், ரெண்டையும் வேகமா

மொழிபெயர்ப்ப திருத்தினா ஜனங்க கொந்தளிக்கிறது புதுசில்ல. ஜெரோம்னு ஒரு பழைய காலத்து அறிஞர் எபிரெயத்துல இருந்து நேரா லத்தீனுக்கு கொண்டுவந்த யோனா புத்தகத்த வட ஆப்பிரிக்காவுல ஓயாங்கிற ஊர்ல ஒரு பிஷப் வாசிச்சார், யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியோட பேர் மாறியிருந்ததுக்கே சபையில பெரிய கலாட்டா, பிஷப்புக்கு ஆளே இல்லாம போயிடுமோன்னு ஆயிடுச்சுன்னு அகஸ்டின் ஜெரோமுக்கே கடிதம் எழுதினார். அதே ஜெரோம் மொழிபெயர்ப்பு ஆயிரம் வருஷம் கழிச்சு தொடக்கூடாததா மாறினது தனி வேடிக்கை. 1590ல போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதுக்கு ஒரு அதிகாரபூர்வ பதிப்பு போட்டு, அதுல பிழை மலிஞ்சு, அவர் இறந்ததும் வாபஸ் வாங்கி 1592ல புதுசு போட வேண்டியதாச்சு. 1611 கிங் ஜேம்ஸ்னு சொல்லி கையில வச்சிருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க படிக்கிறது 1769ல ஆக்ஸ்ஃபோர்டுல திருத்தின வடிவம். 1631ல லண்டன் அச்சுல பத்து கட்டளைல ஒரு "இல்லை" விழுந்து "விபசாரம் செய்வாயாக"ன்னு வந்துடுச்சு, அச்சுக்காரங்களுக்கு 300 பவுண்டு அபராதம். திருத்தவே கூடாதுன்னா அதயும் விட்டிருக்கணும்ல.

புத்தக லிஸ்ட்டப் பொறுத்தவரை, யாராவது "நீங்க எடுத்துட்டீங்க", "நீங்க சேர்த்துட்டீங்க"ன்னு ஆரம்பிச்சா எந்த சபைன்னு கேளுங்க, புராட்டஸ்டண்ட் 66, கத்தோலிக்கம் 73, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் 81. புதிய ஏற்பாட்டு 27 புத்தகமும் இப்ப இருக்கிற அதே லிஸ்ட்டா அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் 367ல எழுதின கடிதத்துல வருது. லூத்தருக்கு யாக்கோபு நிருபம் பிடிக்கல, வைக்கோல் நிருபம்னே எழுதினார், 1522 மொழிபெயர்ப்புல இன்னும் மூணு புத்தகத்தோட சேர்த்து கடைசிக்கு தள்ளினார், ஆனா தூக்கல. பிடிக்காததுக்கும் தூக்கறதுக்கும் நடுவுல அவர் ஒரு கோடு போட்டார், அடுத்த விஷயத்துக்கு அது உதவும்.

கருத்தையே மாத்துறது

மார்சியோன்னு ஒருத்தர் 2ம் நூற்றாண்டுல பழைய ஏற்பாடே வேணாம், சுவிசேஷங்கள்ல லூக்கா மட்டும் போதும், அதுலயும் யூத வாசனை வர்ற இடத்த வெட்டினது போதும்னார். ரோம் சபை அவர வெளிய அனுப்பிச்சு, அவர் கொடுத்திருந்த பெரிய காணிக்கையயும் திருப்பிக் கொடுத்துடுச்சு, இந்த ரெண்டாவது பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெபர்சன் கத்திய எடுத்து சுவிசேஷத்துல அற்புதங்கள வெட்டிட்டு போதனைய மட்டும் ஒட்டி 1820ல ஒரு புத்தகம் பண்ணார், அது வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன்ல இருக்கு.

இத விட மோசமானது 1807ல லண்டன்ல அச்சானது, பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்த கறுப்பின அடிமைகளுக்குன்னே தேர்ந்தெடுத்த பகுதிகள். எகிப்துல இருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதைய விட்டுட்டாங்க, கலாத்தியர் 3:28, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லைங்கிறது, அதையும் விட்டுட்டாங்க, எஜமானுக்குக் கீழ்ப்படிங்கன்னு வர்ற இடத்த மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டாங்க. பழைய ஏற்பாட்டுல பெரும்பகுதி அதுல கிடையாது. இத வச்சுத்தான் என் சோதனைய நான் உருவாக்கிக்கிட்டேன், திருத்தம் யாருக்கு சாதகம், அதுக்கு பிரதி ஆதாரம் ஏதாவது இருக்கா, மாத்தினது படிக்கிறவனுக்குத் தெரியுற மாதிரி எழுதியிருக்கா. மார்சியோன், ஜெபர்சன், 1807 இந்த மூணுலயும் வெட்டினதுக்கு பிரதி ஆதாரம் சுத்தமா இல்ல.

இப்ப எதிர்க்கட்சியோட நல்ல வாதத்தையும் பாக்கணும். அடிமைத்தனத்த ஏத்துக்கிட்டு பேசுற வசனம், பெண்கள் சபையில பேசக்கூடாதுங்கிற வசனம் இதையெல்லாம் இன்னும் ஏன் வச்சிருக்கணும், இயேசுவே மோசேயோட தள்ளுதல் சீட்ட (விவாகரத்துச் சீட்டு) "உங்க இருதய கடினத்தினால எழுதினான்"னு சொல்லி மாத்தலயான்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ஆனா மாற்கு 10ல அவர் என்ன பண்ணார்னு பாருங்க, உபாகமத்துல இருந்து அந்த வரிய அழிக்கல, ஆதியாகமத்த எடுத்து அதுக்கு எதிர்ல வச்சார். வாதாடினார், வெட்டல. எரேமியா 36ல வெட்டுறவன் யோயாக்கீம் ராஜா, சூரிக்கத்தியால சுருள அறுத்து அக்கினியில போட்டான், திரும்ப எழுதினப்போ இன்னும் அதிகமா வார்த்தைகள் சேர்ந்துச்சு. பிடிக்காத வசனம் பக்கத்துல இருந்தாத்தான் நாளைக்கு ஒருத்தன் அதோட சண்டை போட முடியும், அத அழிச்சுட்டா நம்ம முன்னோர் அத வச்சு என்ன பண்ணாங்கங்கிறதும் சேர்ந்து அழிஞ்சுடும்.

கவனமா இருங்க, "பழையது"ங்கிற பேர்லயும் கருத்துத் திருத்தம் ஒளிஞ்சிருக்கும். ரோமர் 16:7ல வர்ற யூனியா பெண் பேர், பழைய சபைப் பிதாக்கள் பெண்ணுன்னுதான் படிச்சாங்க. அறிஞர்களோட கிரேக்க பதிப்புலயே 1927ல இருந்து 1998 வரைக்கும் அது ஆண் பேரா உச்சரிப்புக் குறி மாத்தி அச்சாச்சு, அப்போஸ்தலர்களோட சேர்த்து பேசுற இடத்துல பெண் எப்படி வரும்னு ஒரு நினைப்பு. அப்புறம்தான் திரும்ப சரி பண்ணாங்க. அதனால சந்தேகத்த புதுசு மேல மட்டும் வைக்காதீங்க, ரெண்டு பக்கமும் வைங்க.

புது மொழிபெயர்ப்பு கைக்கு வந்தா

முன்னுரைய படிங்க, யாரும் படிக்கிறதில்ல, அங்கதான் எல்லாம் இருக்கு. எந்த எபிரெய, கிரேக்க பாடத்துல இருந்து பண்ணாங்கன்னு சொல்லியிருக்கணும், இன்னொரு மொழிபெயர்ப்புல இருந்து மொழிபெயர்த்திருந்தா அதையும் சொல்லியிருக்கணும். ஒரே ஆளா, ஒரே சபை ஆட்களா, பல சபை சேர்ந்த கமிட்டியா பாருங்க. தனி ஆள் பண்ணா தப்புன்னு இல்ல, ஆனா எல்லா வித்தியாசமும் ஒரே கொள்கைப் பக்கமா சாயுதான்னு கவனிங்க, நெஜமான பிரதி ஆதாரம் அப்படி ஒரே பக்கமா சாயாது. மேல சொன்ன 1 யோவான் 5:7, மாற்கு 16, யோவான் 8, 145ம் சங்கீதம் இந்த நாலு இடத்தையும் திறந்து பாருங்க, அடிக்குறிப்பு இருந்தா நேர்மையான ஆட்கள். ஒரு வசனத்த சத்தமில்லாம சேர்த்தோ விட்டோ இருந்தா, பழைய மொழிபெயர்ப்பா இருந்தாலும் புதுசா இருந்தாலும், வேற ஒண்ணையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

சபையில பெரியவங்ககிட்ட இத பேசப்போறீங்கன்னா ஆராதனையில வாசிப்பு முடிஞ்ச கையோட "ஐயா அந்த வசனம் மூலத்துல இல்ல"ன்னு நிக்காதீங்க, அவங்க 50 வருஷமா அந்த வசனத்த சொல்லி ஜெபிச்சிருப்பாங்க. தனியா உக்காந்து அவங்க பைபிள்லயே வெளிப்படுத்தல் 22:19ல இருந்து ஆரம்பிங்க, எராஸ்மஸ் கதைய சொல்லுங்க, பொதுவா அதுக்கப்புறம் அவங்களே கேள்வி கேப்பாங்க. கேக்கலன்னா விட்டுடுங்க. பரமண்டல ஜெபத்து கடைசி வரி, ராஜ்யமும் வல்லமையும் மகிமையும், அதுவும் பழைய பிரதிகள்ல இல்லாததுதான், அதுக்காக யாரும் ஜெபத்துல அத விடணும்னு இல்ல, நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.